வாடகைக் கலமும் வாழ்நாள் கடனும்

மனிதன் கடலைக் கடந்தமைக்குக் காரணங்கள் பல. வாணிகத்திற்காகக் கடந்தான், போருக்காகக் கடந்தான், சமயம் பரப்பவும் பிழைப்பு நாடியும் கடந்தான். ஆனால், ஓய்வுக்காகவும் உவகைக்காகவும் கடல்மேற் செல்லும் வழக்கம் வரலாற்றில் மிகப் பிந்தியே தோன்றியது. இன்று 'யாட்' எனப்படும் உல்லாசப் பாய்க்கலத்தின் பெயரே அதன் பழைய தொழிலை நினைவூட்டும். துரத்திச் செல்லுதலைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து பிறந்தது அது. ஹாலந்து நாட்டின் ஆழமற்ற கடலோரங்களில் விரைந்து செல்லும் சிறு கலங்களுக்கு அப்பெயர் வழங்கிற்று. 1660ஆம் ஆண்டில் நாடு திரும்பி அரியணை ஏறிய இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்ல்சுக்கு ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் அத்தகைய கலம் ஒன்றைப் பரிசாக அளித்தனர். 'மேரி' என்னும் அக்கலத்தோடு கடலுலா இங்கிலாந்து அரசரின் பொழுதுபோக்காயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகளாலும் இருப்புப்பாதைகளாலும் செல்வம் குவித்தவர்கள் மன்னரின் பொழுதுபோக்கைத் தமதாக்கிக்கொண்டனர். அத்தகைய செல்வக் குடும்பத்தைச் சார்ந்த தாமஸ் பிராசி என்பார், மனைவி மக்களுடன் 'சன்பீம்' என்னும் தம் சொந்தக் கலத்தில் 1876ஆம் ஆண்டு ஜூலையில் புறப்பட்டு, உலகைச் சுற்றி, 1877ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்து திரும்பினார். அவருடைய துணைவியார் அன்னா பிராசி எழுதிய பயண நூல் பெரும்புகழ் பெற்றது. அப்பயணத்தில் அக்குடும்பத்தார் சிங்கப்பூர், ஜொகூர், பினாங்கு ஆகிய இடங்களையும் கண்டு சென்றனர் என்பது இந்நாட்டு மாணவர்கள் அறியத்தக்கது.

சொந்தக் கலம் இல்லாதவர் என் செய்வர்? வாடகைக்கு அமர்த்துவர். அவ்வாறு அமர்த்தப்பட்ட கலங்களுள் வரலாற்றில் அழியா இடம் பெற்றது 'காஸ்கோ'. அதனை அமர்த்தியவர் 'புதையல் தீவு' என்னும் கதையால் உலகப் புகழ்பெற்ற இராபர்ட் லூயி ஸ்டீவன்சன். ஏழு மாத விடுமுறைக்கென ஏறிய கலம், அவர் வாழ்வின் போக்கையே மாற்றியது.

நோயும் துணிவும்

ஸ்டீவன்சன் 1850ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் பிறந்தார். அவருடைய குடும்பம் கலங்கரை விளக்கங்களை எழுப்பிய பொறியாளர் குடும்பம். கடலின் நடுவே, அலை மூடும் பெல் ராக் பாறைமீது விளக்கம் எழுப்பியவர் அவருடைய பாட்டனார். தந்தையார் தாமஸ் ஸ்டீவன்சனும் அத்துறையில் வல்லவர். மகனோ பொறியியலை விட்டுச் சட்டம் பயின்று, அதனையும் விட்டு எழுத்தை மேற்கொண்டார். 1883இல் 'புதையல் தீவு' நூலாக வெளிவந்தது. 1886இல் 'டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்' அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது.

புகழ் வளர்ந்தது, உடல் தேய்ந்தது. இளமை தொட்டே நுரையீரல் நோய் அவரை வாட்டியது. இருமலில் குருதி கொட்டும். வாரக்கணக்கில் பேசவும் கூடாமல் படுக்கையில் கிடப்பார். 1887ஆம் ஆண்டு மே மாதத்தில் தந்தையார் மறைந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் தாயார், மனைவி, மனைவியின் முதல் மணத்து மகன் ஆகியோருடன் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நியூயார்க் மாநில மலைப்பகுதியில் உள்ள சரனாக் ஏரிக்கரையில், டாக்டர் ட்ரூடோ என்னும் மருத்துவரின் மேற்பார்வையில், கடுங்குளிர் காலம் கழிந்தது. உயிர் நிலைத்தது, உடல் தேறவில்லை.

அக்காலத்தில் மெக்குளூர் என்னும் பத்திரிகைத் தொழிலதிபர் அவரை நாடினார். கடற்பயணம் செய்து கடிதக் கட்டுரைகள் எழுதினால் பல நாளேடுகளுக்கு அவற்றை விற்றுத் தருவதாகக் கூறினார். நோயாளியின் உள்ளத்தில் நெடுநாளாக உறங்கிக் கிடந்த கடல் வேட்கை எழுந்தது. கலிபோர்னியாவுக்குச் சென்றிருந்த மனைவி ஃபேனி, சான்பிரான்சிஸ்கோவில் நல்ல கலம் ஒன்று வாடகைக்குக் கிடைக்கிறது என்று தந்தி அனுப்பினார். அதனை அமர்த்திவிடுமாறு கணவர் உடனே மறுமொழி விடுத்தார்.

இம்முடிவில் அடங்கியிருந்த துணிவு சிறிதன்று. தந்தையார் விட்டுச் சென்ற செல்வத்திலிருந்து 2000 பவுன் இப்பயணத்திற்கென ஒதுக்கப்பட்டது. அக்காலத்தில் அது பெருந்தொகை. உடல்நலம் திரும்பினால் பணம் பயன்பட்டதாகும். திரும்பாவிடில் பணமும் போகும், நம்பிக்கையும் போகும். நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஸ்டீவன்சன் இதனை ஒளிக்காமல் கூறியுள்ளார். பிறருக்கு உல்லாசப் பயணமாகத் தோன்றியது அவருக்கு உயிரைப் பணயம் வைத்த ஆட்டமாக இருந்தது.

கலமும் உடைமையாளரும்

காஸ்கோ இரு பாய்மரங்கள் கொண்ட ஸ்கூனர் வகைக் கலம். நீளம் ஏறத்தாழ 95 அடி. பதிவு எடை 74 டன். வெண்ணிறப் பாய்களும் பளபளக்கும் பித்தளை வேலைப்பாடும் வெல்வெட் மெத்தையிட்ட அறையும் கொண்ட அழகிய கலம் அது. எனினும், அழகு வேறு, உறுதி வேறு. கலிபோர்னியக் கரையோரத்தில் நல்ல வானிலையில் உலாவுவதற்கென அமைந்த அதன் பாய்மரங்கள் உடலின் அளவுக்கு மீறி உயர்ந்திருந்தன. பெருங்கடற் பயணத்துக்கு முற்றும் ஏற்றதெனக் கூறவியலாது.

அதன் உடைமையாளர் ஓக்லந்து நகரின் முன்னாள் மேயரான டாக்டர் சாமுவேல் மெரிட். எழுத்தாளரைப் பற்றி நாளேடுகளில் படித்திருந்த அவர், ஸ்டீவன்சனை ஏதோ கிறுக்குப் பிடித்தவர் என்றே எண்ணியிருந்தார். நேரில் கண்டு பேசிய பின்னரே, இவர் விவரம் அறிந்த தெளிந்த மனிதர் என உணர்ந்து இசைந்தார். ஆயினும், தம் கலத்தை நன்கறிந்த ஓட்டிஸ் என்பவரே தலைவராகச் செல்ல வேண்டும் என்பது அவருடைய கட்டளை. கலத்தை வாடகைக்கு விடுவோர் தமக்கு நம்பிக்கையான தலைவரையும் உடன் அனுப்பும் வழக்கம் இன்றும் உண்டு. கலத்தின் நலனைக் காப்பதோடு, கடலறியாத பயணியரின் உயிரையும் அது காக்கிறது. தலைவர் ஓட்டிசோ மெலிந்த அந்நோயாளியைக் கண்டு, இவர் கரை திரும்பமாட்டார் என்று கருதி, கடலில் நல்லடக்கம் செய்வதற்கு வேண்டியவற்றையும் ஏற்றிக்கொண்டார் என்று கூறுவர்.

பயணியர் ஐவர். ஸ்டீவன்சன், கடலைக் கண்டாலே அஞ்சியும் கணவருக்காகக் கடலேறிய ஃபேனி, இருபது வயது இளைஞரான லாயிட் ஆஸ்போர்ன், 59 வயதான தாயார் மார்கரெட், பணிப்பெண் வாலண்டைன். அதுகாறும் மதிப்புமிக்க எடின்பரோ இல்லத்தரசியாக வாழ்ந்த தாயார், அக்கலத்தில் அனைவரினும் அமைதியாக இருந்தார் என்பது வியப்புக்குரியது. அவர் தம் சகோதரிக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில், 1903இல், நூலாக வெளிவந்தன. அப்பயணத்தின் அன்றாட வாழ்வை அறிய அவை பெரிதும் உதவுகின்றன.

1888ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் காஸ்கோ சான்பிரான்சிஸ்கோத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. ஒரு திங்கள் காலம் நீரும் வானுமே காட்சி. ஜூலை 28ஆம் நாள் விடியற்போதில் மார்க்கேசாஸ் தீவுக்கூட்டத்தின் மலை முகடுகள் தோன்றின. நுக்கு ஹிவா என்னும் தீவின் அனாஹோ விரிகுடாவில் காஸ்கோ நங்கூரம் பாய்ச்சியது.

அனாஹோவில் அச்சமும் அறிவும்

நங்கூரம் இறங்கிய சிறிது நேரத்திற்கெல்லாம் தீவினர் படகுகளில் வந்து கலத்தின் மேல்தளத்தை நிறைத்தனர். பச்சை குத்திய உடலும் அறியாத மொழியும் உடைய அவர்கள் தாம் கொணர்ந்த பொருள்களுக்கு உயர்ந்த விலை கேட்டனர். கொடாதபோது எள்ளி நகைத்தனர். அவர்களுள் மனித ஊன் உண்ட தலைமுறையினரும் உண்டு என்பதை ஸ்டீவன்சன் அறிவார். ஐரோப்பியக் கல்வி தமக்குக் கற்பித்த சட்டமும் வரலாறும் எட்டாத ஓர் உலகிற்குத் தாம் வந்துவிட்டதாக அவர் உணர்ந்தார், உள்ளூர அஞ்சினார்.

அவ்வச்சம் நெடுநாள் நிலைக்கவில்லை. அவர் கையாண்ட வழி ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது. தீவினரின் நம்பிக்கைகளை அறிய விரும்பும்போது அவர் வினாக்களால் அவர்களைத் துளைக்கவில்லை. முதலில் தம் முன்னோரின் கதையைச் சொன்னார். ஸ்காட்லாந்தின் மலைநாட்டுப் பேய்க்கதைகளையும் நீர்த்தெய்வக் கதைகளையும் அவர் சொன்னபோது, கேட்டவர்கள் தம் தீவின் கதைகளை மனமுவந்து எடுத்துரைத்தனர். நாகரிகர், அநாகரிகர் என்னும் வேலி அங்கே தானே சரிந்தது. தம் மரபை மதித்தறிந்தவனே பிறர் மரபின் வாயிலைத் திறக்க இயலும் என்பதற்கு இது நல்ல சான்று.

மொழியிலும் அவர் கருத்துச் செலுத்தினார். ஒரு தீவுக்கூட்டத்தின் மொழியைக் கற்றவர் மற்றொன்றின் மொழியை எளிதில் பிடித்துக்கொள்ளலாம் என்று சொற்களை ஒப்பிட்டுக் காட்டினார். வீட்டைத் தஹித்தியர் 'பரே' என்பர். சமோவர் 'பலே' என்பர். ஹவாயர் 'ஹலே' என்பர். இவ்வுறவின் எல்லை அவர் சென்ற கடலோடு நின்றுவிடவில்லை. மலாய் மொழியில் கண்ணுக்கு 'மாத்தா'. சமோவா மொழியிலும் 'மாத்தா'. ஹவாய் மொழியில் 'மாக்கா'. ஐந்து என்னும் எண்ணுக்கு மலாயிலும் சமோவாவிலும் ஹவாயிலும் 'லீமா' என்றே பெயர். மலாயில் 'ஆப்பி' எனப்படும் நெருப்பு, ஹவாயில் 'ஆஹி' ஆகிறது. இம்மொழிகள் அனைத்தும் ஆஸ்திரோனேசியம் எனப்படும் ஒரே பெருங்குடும்பத்தைச் சார்ந்தவை. பாய்மரத் தோணிகளில் பல நூற்றாண்டுகளாகப் பரவிச் சென்ற மக்களின் தடத்தில்தான் காஸ்கோ என்னும் வாடகைக் கலமும் சென்றது.

அழியும் இனத்தின் முன்

மார்க்கேசாஸ் தீவுகளை 1842இல் பிரான்சு தனதாக்கிக்கொண்டது. ஸ்டீவன்சன் சென்றபோது அங்கு மக்கள்தொகை வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. பெரியம்மை முதலான நோய்கள் ஊர்களையே காலி செய்திருந்தன. கல்மேடைகள் இருந்தன, அவற்றின்மேல் வீடுகள் இல்லை. தம் இனம் முடியப்போகிறது என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது. உயிரோடிருக்கும்போதே தமக்குரிய சவப்பெட்டியைச் செய்து வைத்துக்கொள்வோரும் இருந்தனர். 1920களில் அத்தீவுகளின் மக்கள்தொகை இரண்டாயிரத்தை ஒட்டியதாகச் சுருங்கிவிட்டது. பின்னரே அது மெல்ல மீண்டது.

இவ்வழிவுக்கு நோய், மது, ஒழுக்கக்கேடு என்று அக்காலத்தார் கூறிய காரணங்களோடு ஸ்டீவன்சன் அமையவில்லை. தீவுக்குத் தீவு ஒப்பிட்டு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். எங்கே மாற்றங்கள் மிகக் குறைவோ அங்கே இனம் பிழைத்தது. எங்கே மாற்றங்கள் மிகுந்தனவோ அங்கே அழிந்தது. அம்மாற்றங்கள் தம்மளவில் நல்லவையா தீயவையா என்பதன்று வினா. ஆடல், திருவிழா, பச்சை குத்துதல், போர் எனப் பழைய வாழ்வின் சுவைகள் அனைத்தும் ஒரே தலைமுறைக்குள் பறிக்கப்பட்டால், வாழ்வதற்கான விருப்பமே வற்றிவிடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. புதிய கிருமிகளே அழிவின் முதற்காரணம் என்று இன்றைய ஆய்வு கூறும். எனினும், மனத்தளர்ச்சி இனத்தின் வலிமையைக் குன்றச் செய்யும் என்னும் அவருடைய கருத்து புறக்கணிக்கத்தக்கதன்று.

இதனை அவர் எளிதில் உணர்ந்தமைக்குக் காரணம் உண்டு. 1746இல் எழுச்சி முறியடிக்கப்பட்ட பிறகு ஸ்காட்லாந்து மலைநாட்டு மக்களின் படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. குலத்தலைவர்களின் அதிகாரம் ஒழிக்கப்பட்டது. மரபுடைக்கும் தடை விதிக்கப்பட்டது. பணமே வாழ்வின் குறிக்கோள் என்னும் புதிய நெறி புகுத்தப்பட்டது. மார்க்கேசாசில் தம் நாட்டின் நேற்றைய துயரத்தையே அவர் கண்டார். வேடிக்கை பார்க்க வந்த பயணி அங்கே சான்று கூறுபவராக மாறினார்.

உளுத்த பாய்மரமும் ஓரியின் இல்லமும்

செப்டம்பர் தொடக்கத்தில் காஸ்கோ துவாமோத்து தீவுகளை நோக்கிச் சென்றது. அபாயத் தீவுக்கூட்டம் எனக் கடலோடிகள் அதற்குப் பெயரிட்டிருந்தனர். தென்னை உயரத்திற்கு மேல் ஒன்றும் எழாத பவளத் தீவுகள் அவை. அருகில் நெருங்கும்வரை கண்ணுக்குத் தெரியா. நீரோட்டங்கள் கலத்தைப் போக்கிலிருந்து விலக்கித் தள்ளின. கலங்கரை விளக்கம் எழுப்பிய குடும்பத்தின் மகன் இருண்ட பவளப்பாறைகளுக்கிடையே தட்டுத் தடுமாறிச் செல்ல நேர்ந்தது. ஃபகராவாத் தீவின் அமைதியான காயலில் சில நாள் தங்கிய பின், செப்டம்பர் இறுதியில் தஹித்தியின் தலைநகரான பாப்பேத்தேயை அடைந்தனர்.

அங்கே பழைய நோய் மீண்டும் தாக்கியது. நகரின் காற்று ஒவ்வாமையால், தீவின் மறுபுறம் உள்ள தவுத்திரா என்னும் சிற்றூருக்கு அவரைக் கொண்டு சென்றனர். அரச குடும்பத்தைச் சார்ந்த மோயே என்னும் பெண்மணி நோயாளியைக் கண்டு இரங்கினார். பச்சை மீனைப் பதப்படுத்தி ஊட்டி, உடலைத் தேற்றினார். ஊர்த்தலைவர்களுள் ஒருவரான ஓரி தம் இல்லத்தை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்.

இந்நிலையில்தான் காஸ்கோவின் பாய்மரம் உள்ளே உளுத்துப்போயிருந்தது தெரியவந்தது. முன்னமே தெரிந்திருந்தால் புறப்பட்டிருக்கமாட்டார்கள். சற்றுத் தாமதித்துத் தெரிந்திருந்தால் நடுக்கடலில் அனைவரும் மாண்டிருப்பர். பழுது பார்க்கக் கலம் பாப்பேத்தேக்குச் சென்றது. வாரங்கள் கழிந்தன, கலம் திரும்பவில்லை. பயணியரின் கையிருப்பும் உணவும் குறைந்தன. ஃபேனி கலங்கியபோது, தம்மிடம் உள்ளதெல்லாம் அவர்களுடையதே என்றும், கலம் வரும்வரை தம் இல்லத்திலேயே இருக்கலாம் என்றும் ஓரி ஆறுதல் கூறினார். சில இளைஞர்களை உடன்கூட்டிக்கொண்டு, கொந்தளித்த கடலில் படகேறிப் பாப்பேத்தே சென்று, செய்தியும் உணவுப் பொருள்களும் கொணர்ந்தார்.

வாடகை கொடுத்து அமர்த்திய கலம் கைவிட்டது. வாடகையே கேளாத வீடு காத்தது. ஓரியும் ஸ்டீவன்சனும் அவ்வூர் வழக்கப்படி பெயர்களை மாற்றிக்கொண்டு உடன்பிறப்பாயினர். லூயி என்பதைத் தம் நாவுக்கேற்ப 'ருயி' என ஓரி ஏற்றார். 'தெரியித்தேரா' என்னும் பெயரை ஸ்டீவன்சன் பெற்றார். அவ்வூரில் கேட்ட பழங்கதையை அவர் நெடும்பாட்டாகப் பாடினார். கைவசமிருந்த 'பாலன்ட்ரே தலைமகன்' என்னும் புதினத்தையும் வளர்த்தார்.

கலம் திரும்பியது, பயணி திரும்பவில்லை

பாய்மரம் செப்பனிடப்பட்டது. 1888ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று காஸ்கோ தவுத்திராவை விட்டகன்றது. காற்றின்மையாலும் புயலாலும் அலைப்புண்டு, 1889ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் ஹொனலூலுவை அடைந்தது. ஏழு மாதக் காலமும் நிறைவெய்தியது. கலத்தை உடைமையாளரிடம் திருப்பி அனுப்பினர். பின்னாளில் தாயார் ஸ்காட்லாந்து சென்றார். ஸ்டீவன்சனோ மீண்டும் ஐரோப்பா காணவே இல்லை. படுக்கையில் கிடந்தவர் கடலில் நீந்தவும் குதிரையேறவும் வல்லவராகியிருந்தார். இத்தகைய நலனைத் தந்த கடலை விட்டுச் செல்ல அவருக்கு மனம் வரவில்லை.

1889ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் மொலோக்காய்த் தீவின் தொழுநோயாளர் குடியிருப்புக்குச் சென்று ஒரு வாரம் தங்கினார். அங்கே தொண்டாற்றித் தாமும் அந்நோய்க்கு இரையான பாதிரியார் தமியான் அதற்கு முந்திய திங்களில் மறைந்திருந்தார். அங்கிருந்த சிறுமியருடன் அவர் விளையாடினார். மறைந்த பாதிரியாரை இழித்துரைத்த கடிதம் ஒன்று வெளியானபோது, 1890இல், வழக்கு வரினும் வருக எனத் துணிந்து கடுமையான மறுப்பை எழுதினார்.

பின்னர் வாணிகக் கலங்களில் பல தீவுகளைக் கண்டு, சமோவாவில் நிலம் வாங்கிக் குடியேறினார். கதைசொல்லி எனப் பொருள்படும் 'துசித்தாலா' என்னும் பெயரை அத்தீவினர் அவருக்குச் சூட்டினர். ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்று வல்லரசுகளும் சமோவாவில் செய்த குழப்பங்களை 1892இல் தனி நூலாக எழுதிக் கண்டித்தார். சிறையிலிடப்பட்ட குலத்தலைவர்களுக்கு உணவும் உதவியும் அளித்தார். விடுதலையான அத்தலைவர்கள் 1894இல் தாமே மண்வெட்டி ஏந்தி, அவர் இல்லத்திற்குப் பாதை அமைத்துத் தந்தனர். அன்புள்ளத்தின் பாதை என்பது அதன் பெயர். அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள், 44ஆம் வயதில், ஸ்டீவன்சன் மறைந்தார். அடர்ந்த காட்டை வெட்டி ஒரே நாளில் வழி அமைத்து, வாயா மலையின் உச்சிக்கு அவர் உடலைச் சுமந்து சென்று சமோவர் அடக்கம் செய்தனர்.

காஸ்கோவின் முடிவு வேறு. பல கைகள் மாறி, பல தொழில்களுக்கு உட்பட்டு, 1919இல் பேரிங் கடலின் கிங் தீவருகே உடைந்து அழிந்தது.

இப்பயணத்தின் எழுத்துப் பயனும் ஆராயத்தக்கது. நாளேட்டார் எதிர்பார்த்தவை சுவையான சாகசக் கதைகள். ஸ்டீவன்சன் அனுப்பியவை மக்கள்தொகை, மொழி, பழக்கவழக்கம் பற்றிய ஆய்வுகள். ஃபேனியும் இது குறித்து வருந்தினார். பத்திரிகைக்கு அவை பெருவெற்றி தேடித் தரவில்லை. ஆயினும், அவர் மறைந்தபின் 1896இல் 'தென்கடல்களில்' என நூலுருப் பெற்ற அக்கட்டுரைகளே, இன்று அத்தீவுகளின் வரலாற்றை ஆராய்வோருக்குப் பயன்படுகின்றன. விற்பனைக்கு உகந்ததை எழுதாமல் கண்டதை எழுதியதே அவற்றின் நிலைபேற்றுக்குக் காரணம்.

இன்று தஹித்தியிலும் லங்காவியிலும் குடும்பத்தோடு பாய்க்கலம் அமர்த்தி விடுமுறை கழிப்பது தொழிலாகவே வளர்ந்துள்ளது. பணம் கொடுத்தால் கலமும் கிடைக்கும், கலத்தலைவரும் கிடைப்பார். ஆனால், செல்லும் கரையில் வாழும் மக்களின் அன்பை எந்த ஒப்பந்தத்தாலும் வாடகைக்குப் பெறவியலாது. மொழியைச் செவிமடுத்து, மரபை மதித்து, துயரில் பங்கு கொள்பவனுக்கே அது கிட்டும். ஸ்டீவன்சன் கலத்தின் வாடகையை ஏழு மாதத்தில் தீர்த்துவிட்டார். கரையில் பெற்ற அன்பின் கடனைத் தீர்க்க எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் செலவிட்டார். அதனாலேயே கலத்தின் பெயரும் கடலில் மூழ்காமல் நிற்கின்றது.